செருப்பு கழண்டது கூட தெரியல அவனுக்கு

வணக்கம் மக்களே, காட்பாடில எங்க வீட்டு மொட்டை மாடில இருந்து பேசறேன், மணி ஆறாச்சு, தரை இன்னும் கொதிக்குது, செருப்பு இல்லாம நிக்க முடியல. இன்னைக்கு மேட்டரே செருப்புதான்.

எங்க சின்னம்மா பையன் லண்டன்ல படிக்கிறான், லீவுக்கு வந்தான். மாடிப்படி ஏறி வரான், நாலாவது படில ஒரு ஹவாய் செருப்பு கழண்டு கிடக்குது, அவன் பாட்டுக்கு மேல வந்துட்டான். "இன்னாடா ஒத்தக் கால்ல செருப்பு"ன்னா குனிஞ்சு பாக்கறான், பாத்தப்புறம்தான் அவனுக்கே தெரியுது. மூஞ்சி கழுவ கண்ணை மூடுனா தள்ளாடி வாஷ்பேசினை புடிச்சிக்கிறான். சின்னம்மா சுகர்னு பயந்துடுச்சு.

அப்புறம் உண்மையை கக்குனான். அங்க பார்ட்டில பலூன்ல நைட்ரஸ் ஆக்சைடு இழுப்பாங்களாம், அதான் சிரிப்பு கேஸு. கேக்குக்கு கிரீம் அடிக்கிற குட்டி சில்வர் குப்பி, 8 கிராம். ஒரு நிமிஷம் போதை, அவ்ளோதான், அதனாலயே அடுத்தது அடுத்ததுன்னு போகும். "பல்லு டாக்டரே குடுக்கறாங்கண்ணா"ன்னு லா பாயிண்ட் வேற! 1844ல ஹோரஸ் வெல்ஸ்னு பல்லு டாக்டரு இதை இழுத்துட்டு தன் பல்லையே புடுங்க வச்சாரு, வாஸ்தவம்தான், ஆனா கிளினிக்ல இப்ப ஆக்சிஜன் கலந்து, அளவா, ஆள் பக்கத்துல நின்னு குடுக்கறது வேற, நீ ராத்திரி பூரா இழுக்கறது வேற. பிரிட்டன்லயே 2023 நவம்பர்ல இருந்து போதைக்குன்னு கையில வச்சிருந்தாலே போலீஸ் கேஸு.

இந்த வாயு உடம்புல இருக்கற பி12ங்கற வைட்டமினை முடக்கிடும். அது இல்லன்னா நரம்பு மேல இருக்கற உறை, ஒயருக்கு இன்சுலேஷன் மாதிரி, அது உரிஞ்சு போகும். முதுகுத் தண்டோட பின்பக்கம் நல்லா அடி வாங்கும், கால் எங்க இருக்குன்னு மூளைக்கு சொல்ற லைனே அதுதான், இப்ப செருப்பு புரியுதா?

கொடுமை இன்னான்னா ரத்தத்துல பி12 நார்மல்னே வரலாம், இருக்கும் ஆனா வேலை செய்யாது. பி12 வேலை செய்யலன்னா ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்னு ஒரு பொருள் ஏறும், அந்த மாதிரி டெஸ்ட் பாத்தாதான் மாட்டும். இவன் மொதல்ல பாத்த டாக்டர்கிட்ட கேஸு விஷயத்தையே மறைச்சிட்டான், ரிப்போர்ட் நார்மல், போய் ரெஸ்ட் எடுன்னு அனுப்பிட்டாங்க, ரெண்டு வாரம் வேஸ்ட்டு. எங்கெங்கயோ இருந்து ரயிலேறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வராங்க, உள்ளூர்ல இருந்துகிட்டு இவன் வாயத் தொறக்கல பாருங்க. பி12 மாத்திரை போட்டுக்கிட்டே இழுக்கலாம்னு சிலர் சொல்றானுங்க, போடற மாத்திரையையும் அந்த கேஸு முடக்கும்டா.

இப்ப கேஸை விட்டுட்டான், பி12 ஊசி போகுது, பிசியோ போகுது, தள்ளாட்டம் கொறைஞ்சிருக்கு, வலது கால் கட்டை விரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கு. இதோ டீ எடுத்துட்டு ஏறி வரான், ஒவ்வொரு படியா குனிஞ்சு பாத்து பாத்து. பின்னாடி பட்டி வச்ச செருப்பு வாங்கி குடுத்திருக்கேன்.