ஆடித் தேங்காயா, தீபாவளி டப்பாவா? எடையை உண்மையில் ஏற்றுவது எது?

[திரையில்: எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நிற்கும் இரண்டு கால்கள்]

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எடை பார்க்கிறீர்கள். ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு குறைத்ததெல்லாம் ஒரே நாளில் திரும்பிவிட்டதே என்று மனம் உடைந்துபோகிறது. பொறுங்கள்! அந்த ஒன்றரை கிலோவில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். எடையை உண்மையிலேயே ஏற்றுவது உங்கள் சமையலறை அலமாரியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அது எது என்று கணக்குப் போட்டுக் காட்டப்போகிறேன். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

வணக்கம் உறவுகளே, சேலத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீர் விஷயம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், உங்கள் உடலுக்கு அன்றாடம் தேவைப்படுவதற்கு மேல் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். மூன்று வேளையும் விருந்து சாப்பிட்டாலும் அதைத் தொடுவது பெரும்பாடு. பிறகு எடை எப்படிக் கூடியது? சோறும் இனிப்பும் நிறையச் சாப்பிட்டால் உடல் அதில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக, அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் சர்க்கரை இருப்பாகச் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கிலும் மிக்சரிலும் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் அது வடிந்துவிடும். மறுநாள் எண்ணைப் பார்த்துப் பயந்து பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். மதியம் வரை பட்டினி கிடந்தவரின் கை மாலையில் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

[திரையில்: தெருவோரத்தில் தீ, அதைச் சுற்றிச் சிறுவர்கள்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆடி முதல் நாள், தேங்காய் சுடும் பண்டிகை! சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு பக்கம் உறவு இல்லாதவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். மகாபாரதப் போர் ஆடி 1இல் தொடங்கி ஆடி 18இல் முடிந்தது, பாண்டவர்கள் வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மக்கள் தேங்காய் சுட்டார்கள் என்று இங்கே கதை சொல்வார்கள்.

எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். தேங்காயை நார் உரித்து, ஓட்டைத் தரையில் தேய் தேய் என்று தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். பிள்ளைகளுக்கு இதில் போட்டியே நடக்கும். மூன்று கண்களில் ஒன்றைத் துளைத்துத் தண்ணீரை வடிப்பார்கள். வெல்லம், அவல், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள் எல்லாவற்றையும் அந்தச் சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவார்கள். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சில் மரக் குச்சியால் அடைப்பார்கள். மேலே மஞ்சள் பூசித் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஓடு கருகி விரிசல் விடும்போது, உருகிய வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து ஒரு வாசம் வரும். தெருவே மணக்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், தேங்காய்ப் பருப்பு ஓட்டிலிருந்து தானாகக் கழன்று வரும். உள்ளே அவலும் பருப்பும் தேங்காய்த் தண்ணீரில் வெந்து, வெல்லத்தில் ஊறி இருக்கும்.

எடையைக் குறைப்பவர் இதைச் சாப்பிடலாமா? கணக்கைப் பார்ப்போம். நடுத்தரத் தேங்காயில் தேங்காய்ப் பருப்பு மட்டும் 250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி, ஆக 875. வெல்லம் 50 கிராம், அதில் 190. மற்றவை எல்லாம் சேர்ந்து 90 கிராம், கிட்டத்தட்ட 340. மொத்தம் சுமார் 1,400 கலோரி. ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு 280. அவ்வளவுதான்!

இப்போது டப்பாவைத் திறப்போம்.

[திரையில்: எவர்சில்வர் டப்பா, பாதி முறுக்கு]

முறுக்கு 100 கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி. ஒரு முறுக்கு 20 கிராம் என்றால் 100 கலோரி. காலை பதினொரு மணிக்குக் காபியோடு இரண்டு, மாலை டீயோடு இரண்டு. ஒரு நாளைக்கு 400. டப்பா காலியாகப் பதினைந்து நாள் ஆகிறது. 6,000 கலோரி! வேறெதையும் குறைக்காமல் இதைச் சேர்த்துக்கொண்டால், முக்கால் கிலோ கொழுப்புக்கு உரிய கலோரி அது. ஒரு முழுத் தேங்காயை ஒரே ஆள் தின்று தீர்த்தால்கூட இதில் கால் பங்குதான் வரும்.

தேங்காய் சுடுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். ஒரு மணி நேரம் பாடுபட்டு, பலரோடு பகிர்ந்து, அன்றே தீர்ந்துவிடுகிற பலகாரம். நாளைக்கு என்று எதுவும் மிஞ்சாது. டப்பாவில் இருப்பதோ, பசிக்காத நேரத்தில், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, என்ன சுவை என்று கூடக் கவனிக்காமல் உள்ளே போகிறது. பண்டிகை நாளில் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். காவல் போட வேண்டியது பண்டிகைக்குப் பிந்தைய பதினைந்து நாட்களுக்கு.

ஆராய்ச்சியும் இதற்கு ஒத்துப்போகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 195 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான விடுமுறைக் காலத்தில் சராசரியாகக் கூடிய எடை 0.37 கிலோதான். ஆனால் அது பிறகு இறங்கவில்லை. ஆண்டுதோறும் இப்படிச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2018இல் பிரிட்டனில் 272 பேரை வைத்து நடந்த சோதனையில், கிறிஸ்துமஸ் காலத்தில் வாரம் இரண்டு முறையாவது எடை பார்த்து, சில எளிய குறிப்புகளைப் பின்பற்றியவர்களுக்குச் சராசரியாக எடை கூடவே இல்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அரை கிலோ வித்தியாசம்.

நடந்து கரைத்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காட்டுக்குப் போய்க் குளிரில் ஒரு மணி நேரம் நடந்தால் 200 முதல் 250 கலோரி செலவாகும். இரண்டரை முறுக்கு. அங்கே ஏரிக்கரையில் சுடச்சுட பஜ்ஜி வாங்கினால் கணக்கு முடிந்தது. நடையை நடைக்காகவே நடங்கள், உடம்புக்கும் மனதுக்கும் அது அவசியம்.

ஆடியிலேயே இன்னொன்றும் கிடைக்கிறது, மாரியம்மன் கோயில் கேழ்வரகுக் கூழ். 30 கிராம் மாவில் கரைத்த ஒரு சொம்புக் கூழில் 100 கலோரிதான், கூடவே சின்ன வெங்காயம். வயிறு நிறைந்துவிடும். சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா நேரத்தில் தவறவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களே, உங்களிடம் மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன். "வெல்லம்தானே, சீனி இல்லையே" என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள். கலோரியிலும் சரி, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதிலும் சரி, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஜவ்வரிசிப் பாயசமும் அப்படித்தான். நம் மாவட்டத்துப் பெருமைதான், ஆனாலும் ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கு மாவுச்சத்து. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

டப்பாவை என்ன செய்வது? இரண்டு படி மாவுக்குப் பதில் ஒரு படி போடுங்கள். சுட்டதில் பாதியை அன்றைக்கே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மீதியைத் தின்னும்போது ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுங்கள். டப்பாவோடு சோபாவில் உட்கார்ந்தால் தீர்ந்தது கதை.

உறவினர் வீட்டில்தான் உண்மையான சோதனை. சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அத்தை ஒரு பெரிய பொட்டலத்தோடு வாசலில் நிற்பார். "கண்ணு, இதையும் எடுத்துக்கொண்டு போ." வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அத்தை, உங்கள் கையால் இன்னும் ஓர் அதிரசம் கொடுங்கள், இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பொட்டலம் மட்டும் வேண்டாம்." அத்தைக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் ஓர் அதிரசத்தோடு போகும். வேறு பதில் சொல்லிச் சமாளித்தவர்கள் கீழே எழுதுங்கள். நல்ல பதில்களை அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.