கடைசித் தெரு

(ஊர்ப் படிப்பக ஆண்டு விழாவில் பேசியது)

பெரியவர்களுக்கும், முதல் ஓட்டுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

"அரசியல் ஒரு சாக்கடை" என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசியல் சென்னையில் நடக்கிறது, டிவியில் தெரிகிறது, நமக்கு அதில் வேலை இல்லை என்பது என் எண்ணம். 2019 டிசம்பரில் அது மாறியது.

2016இல் வரவேண்டிய ஊராட்சித் தேர்தல் மூன்று வருஷம் தள்ளிப்போய் அப்போதுதான் வந்தது. அதுவரை அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா நின்றார். ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, தெரியுமல்லவா? அக்காவுக்குப் பூட்டு சாவி. 19ஆம் தேதி சின்னம் கொடுத்தார்கள், 25ஆம் தேதி மாலை பிரச்சாரம் முடிந்தது. கையில் இருந்தது ஆறே நாள்.

என் வேலை வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது. மார்கழிப் பனியில், நூறு நாள் வேலைக்குக் கிளம்புமுன் பெண்களைப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கு ஓட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வேறொன்று. நான்கையும் விளக்கிச் சொல்ல வேண்டும். சீட்டை முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், பிறகுதான் குறுக்காக. மாற்றி மடித்தால் முத்திரை மை அடுத்த சின்னத்தில் ஒட்டி, எது போட்ட ஓட்டு என்ற சந்தேகம் வந்துவிடும். ஒரு பாட்டி பழைய காலண்டர் தாளில் ஏழெட்டு முறை மடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டார். தன் ஓட்டு வீணாகக் கூடாது என்று அந்தக் கைகள் காட்டிய கவனத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஓட்டுப் போடும் மக்களைப் பற்றி அதுவரை நான் எவ்வளவு அலட்சியமாகப் பேசியிருக்கிறேன்!

ஐந்தாம் நாள் மாலைதான் காலனிக்குப் போனோம். அங்கே ஓர் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாத்துக்கும் நாங்க கடைசிதானா தம்பி? தண்ணியும் கடைசியா வருது, நீங்களும் கடைசியா வாரீக."

பதில் சொல்ல முடியவில்லை. எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று நோட்டில் எழுதியவன் நான்தான். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. கோயில் தெருவில் தொடங்கினேன், கை தானாகக் காலனியில் போய் முடித்திருந்தது. குழாய் போட்டவர்களுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று அன்று இரவு தோன்றியது. சாக்கடை என்று அரசியலைத் திட்டிய நான் நின்ற அந்தத் தெருவில் சாக்கடை வசதியே இல்லை. அதைக் கட்டித் தரவேண்டியது ஊராட்சி.

மேலூர் பக்கத்து மேலவளவில், தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை, 2006இல்தான் நடந்தது. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். தலைவர் நாற்காலிக்கு ஏன் இத்தனை ரத்தம் என்று மட்டும் புரிந்ததில்லை. அந்த அம்மாவின் குடத்துக்குப் பக்கத்தில் நின்றபோது புரிந்தது.

அக்கா தோற்றார், சொற்ப ஓட்டில். நான் இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவர் வந்து கூப்பிட்டார்: "26ஆம் தேதி கிராமசபை இருக்கு, பட்டியலை எடுத்துட்டு வா."

2020 குடியரசு தினத்தன்று அதே பட்டியலோடு அதே வீடுகளுக்குப் போனோம். இந்த முறை காலனியில் தொடங்கினேன். கிராமசபை கோயில் மண்டபத்தருகே நடந்தது. குடிநீர்க் குழாயைப் பற்றி அக்கா பேசி முடித்ததும் அந்த அம்மா எழுந்தார். அடுத்த கிராமசபையைக் காலனியில் நடத்த வேண்டும் என்று கேட்டார். கொஞ்ச நேரம் சலசலப்பு. புதிய தலைவர், எங்களைத் தோற்கடித்தவர், அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். புத்தகம் கைமாறி வந்தபோது முதல் கையெழுத்தை அந்த அம்மாவே போட்டார்.