முதலில் அறிவிப்பு, பிறகு உண்டியல்

அனைவருக்கும் வணக்கம். குளிர்கால நிதி திரட்டலைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நகராட்சி அறிவிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் யாருக்காக, எதற்காக, எப்போது பணம் திரட்ட வேண்டும் என்பதை அந்த அறிவிப்புகளே சொல்லிவிடுகின்றன. நாம்தான் அவற்றை, வண்டியை எங்கே நிறுத்தலாம், குப்பை என்றைக்கு எடுப்பார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் படித்துவிட்டு மூடி வைக்கிறோம்.

சாதாரணமான ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பனி பெய்து நின்ற இத்தனை மணி நேரத்துக்குள் வீட்டு வாசலில் உள்ள நடைபாதையை வீட்டுக்காரர் சுத்தம் செய்ய வேண்டும், தவறினால் அபராதம். பனி விழும் ஊர்கள் பலவற்றில் இந்த விதி உண்டு. நல்ல விதி. சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போகிற தாய்க்கும் வேறு வழி கிடையாது. ஆனால் அதே அறிவிப்பு எண்பது வயதில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுக்கும்தான் போகிறது. ஈரப்பனி நல்ல கனம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்து கனம் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதய நோய் உள்ளவர்கள் பனி அள்ளவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஆக, அந்த அறிவிப்பு வந்த அன்றே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் தெருவில் தாமாகப் பனி அள்ள முடியாதவர்கள் யார் யார்?

அவர்களுக்கு நிதி கூடத் தேவைப்படாது. இரண்டு இளைஞர்கள், இரண்டு மண்வெட்டி, ஒரு மூட்டை உப்பு போதும். உப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு ஏறக்குறைய வேலை செய்யாது. கால்சியம் குளோரைடு வாங்குங்கள், இல்லையென்றால் கால் வழுக்காமல் இருக்க மணலைத் தூவுங்கள். உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள்.

சரி, அடுத்தது கடுங்குளிர் எச்சரிக்கை. இதில் வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் எண் வரும். அந்த எண் மைனஸ் 28-க்குக் கீழே இறங்கினால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துவிடலாம். கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு செய்தி, அவ்வளவுதான். விடியற்காலை வேலைக்குப் போக பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பவருக்கு அது விரலைக் காப்பாற்றும் விஷயம். கையுறை யாருக்குப் போக வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்த எச்சரிக்கை வந்ததும் பல நகராட்சிகள் நூலகத்தையோ சமூகக் கூடத்தையோ இரவில் திறந்து வைத்து, போக்கிடம் இல்லாதவர்களை உள்ளே அனுமதிக்கின்றன. உதவ நினைப்பவர்கள் அலமாரியைக் காலி செய்து பழைய கோட்டுகளைக் கொண்டுபோய்க் குவிக்கிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் அங்கே எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது சாக்ஸும் உள்ளாடையும். பழையதைக் கொடுக்க முடியாது, புதிதாக வாங்கத் தோன்றுவதில்லை. நாள் முழுக்க ஈரச் சாக்ஸோடு திரிந்தால் பாதத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, தோல் வெளுத்து ஊறி, புண்ணாகிவிடும். கோட்டு போட்டுக்கொண்டே அவர் நடக்க முடியாமல் போவார். அதனால் எதைச் சேகரிப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்த இடத்தில் இரவு வேலை பார்க்கும் ஒருவரிடம் போய்க் கேளுங்கள்.

குளிரால் சாகிறவர்கள் என்றதும் தெருவில் கிடப்பவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் வழக்கமான குளிர்காலத்தில் கூடுதலாக நேரும் சாவுகளில் பெரும்பங்கு மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் தொற்று இவற்றால் வருபவை. வயதானவர்கள், சரியாகச் சூடாக்காத தம் வீட்டுக்குள்ளேயே நோயில் விழுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நம்மிடம் வந்து கேட்கமாட்டார். வெட்கப்படுவார். பார்க்கப் போகிற சாக்கில் ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் அவர் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது நீங்கள் கேள்வி கேட்கவே வேண்டாம்.

இப்போது அறிவிப்பு தவறிப்போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ பகுதியில் கடும் பனிப்புயல் அடித்தது. புயல் வரும் என்பது சில நாட்களுக்கு முன்பே தெரியும். ஆனால் சாலையில் வண்டி ஓட்டத் தடை என்ற உத்தரவு, அது நடைமுறைக்கு வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போதுதான் வெளியானது. வெள்ளிக்கிழமை காலை, பலர் ஏற்கெனவே வேலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்கிற நிலையில் இருப்பவர், தடை இல்லாதவரை போகத்தானே செய்வார்? அந்தப் புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் மின்சாரம் போன வீட்டுக்குள். அந்தப் புயலில் வண்டி சிக்கிக்கொண்ட ஒருவர், பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தின் ஜன்னலை உடைத்து, வழியில் தவித்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றினார். போகும்போது, ஜன்னலை உடைத்ததற்கும் சமையலறைக்குள் புகுந்ததற்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருடைய துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் யாரும் ஜன்னலை உடைக்க வேண்டியிராத ஏற்பாட்டைத்தான் நாம் செய்ய வேண்டும். கட்டடம் திறந்திருக்க வேண்டும், அது திறந்திருக்கிறது என்பது முன்னதாகவே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 பிப்ரவரியில், டெக்சாஸ் மாநிலத்தில் உறைபனியால் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். குளிர் தாங்காமல் கராஜுக்குள் காரை ஓடவிட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் உண்டு, ஜெனரேட்டரை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தவர்களும் உண்டு. இவை எல்லாம் கக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, தூக்கம், பிறகு எழுந்திருக்கவே முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த நச்சுக்காக அவசரச் சிகிச்சைக்குப் போனார்கள். “வீட்டுக்குள் கரி மூட்டாதீர்கள்” என்ற ஒரு வரி அறிவிப்பு, அது எழுதப்பட்ட மொழி தெரியாத குடும்பத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதை மொழிபெயர்த்து, குரல் பதிவாக்கி, குடும்பத்துக்குக் குடும்பம் அனுப்புவது நாமே செய்யக்கூடிய வேலை. அப்புறம், அந்த வாயு கசிந்தால் ஒலி எழுப்பும், பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று. என் கையில் இருந்தால், இந்த ஆண்டு திரட்டும் பணத்தில் முதல் செலவாக அதைத்தான் வாங்குவேன். அலாரத்துக்கும் ஆயுட்காலம் உண்டு. பின்பக்கம் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து, காலாவதியானதை மாற்றிக் கொடுங்கள்.

இனி உண்டியலுக்கு வருகிறேன். 1891-இல் சான் பிரான்சிஸ்கோவில் ரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த ஜோசப் மக்ஃபீ, ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து கொடுக்கப் பணமில்லாமல், படகுத்துறையில் ஒரு பானையை வைத்தார். லிவர்பூலில் கப்பல் துறையில் பார்த்த பானை அவர் நினைவில் இருந்தது. படகு ஏறி இறங்குகிறவர்கள் காசு போட்டார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை பல நாடுகளில் ஓடுகிறது. அவர் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் பொது இடத்தில் வசூல் செய்ய இன்று பல ஊர்களில் அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் வீடு வீடாக வசூலிப்பதற்கென்றே 1939-இல் ஒரு சட்டம் வந்தது. நகராட்சி அலுவலகத்தில் கேட்காமல் தெருவில் நிற்காதீர்கள். போலி வசூல்காரர்கள் அதிகம் திரியும் பருவமும் இதுதான். அனுமதிக் கடிதமும் ரசீதுப் புத்தகமும் கையில் இருந்தால் கொடுப்பவருக்கு நம்பிக்கை வரும்.

காலத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும். டிசம்பரில் பண்டிகை மனநிலையில் எல்லோரும் அள்ளிக் கொடுக்கிறார்கள். ஜனவரியில் நின்றுவிடுகிறது. ஆனால் டிசம்பர் குளிரில் ஓடிய ஹீட்டரின் பில் அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வரும். பனியால் தடைப்பட்ட கட்டட வேலை, தோட்ட வேலை இவற்றில் இருந்தவர்களின் சேமிப்பு கரைவதும் அப்போதுதான். உணவு வங்கிகளின் அலமாரி காலியாவதும் அப்போதுதான். பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுங்கள் என்று அவர்கள் சொல்வதைத் தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மொத்த விலையில் வாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்று. கோட்டு கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். அந்தக் குழந்தை மறுநாள் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். சங்கத்தின் பெயரை முதுகில் அச்சடித்துக் கொடுப்பதும் வேண்டாம். நன்கொடையாளர்களுக்குக் காட்ட வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இன்று கூட்டம் முடிந்ததும் செயற்குழு உட்காரப் போகிறது. அவர்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் பணத்தில் பாதியை ஜனவரி முடியும்வரை தொடாதீர்கள். பிப்ரவரி கட்டண பில்களுக்கென்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நகராட்சியின் எச்சரிக்கைப் பட்டியலில் சங்கத்தின் தொலைபேசி எண்ணை இந்த வாரமே பதிவு செய்யுங்கள். அந்தத் தொலைபேசி இரவில் யார் கையில் இருக்கும் என்பதையும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.