அத்திப்பள்ளி தாண்டும் பிள்ளைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கணவனும் மனைவியும் பிரிவது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பிரிந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலாக நிற்கும் எனக்கு மனசு ஆறாத விஷயம் அதுதான்.

பெங்களூருத் தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக்நகரிலும் குடியிருக்கிறோம். சொந்தபந்தம் சேலத்திலோ வேலூரிலோ தர்மபுரியிலோ இருக்கிறது. சண்டை முற்றியதும் மருமகள் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாள். அல்லது லீவுக்கென்று பேரனை அழைத்துப்போன பாட்டி, பள்ளி திறந்த பிறகும் அனுப்ப மறுக்கிறார். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். நமக்கு அது பக்கத்து ஊர், சட்டத்துக்கு வேறு மாநிலம்.

அதன்பின் நடப்பதைக் கேளுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தத்தின்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அவர் சேலத்தில் போடுகிறார், கணவர் இங்கே போடுகிறார். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற கஸ்டடிக்கோ 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எதுவோ அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். எது வழக்கமான ஊர் என்பதிலேயே வாய்தா மேல் வாய்தா. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு. ஓசூர் வழக்கு பெங்களூருக்கு வர வேண்டுமானால் தில்லிக்குப் போக வேண்டும்! அதற்குள் பிள்ளைக்கு ஒரு கல்வியாண்டு போய்விடுகிறது.

அடி தாங்காமல் வெளியேறும் பெண்ணை நான் சொல்லவில்லை. அவள் பிள்ளையோடு உடனே கிளம்பட்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே தற்காலிகக் கஸ்டடி கேட்க அவளுக்கு வழி இருக்கிறது. தகப்பன் பார்க்க வருவது பிள்ளைக்குத் தீங்காகும் என்று தெரிந்தால், மாஜிஸ்திரேட் அதை மறுக்கவும் செய்வார். நான் சொல்வது எதிராளியை மடக்குவதற்காகப் பிள்ளையைத் தூக்கிப் போகிறவர்களைப் பற்றி.

"அஞ்சு வயசு முடியட்டும், பையன் தானா நம்மகிட்ட வந்துடுவான்" என்று பல வீடுகளில் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. மைனர் பிள்ளைகளுக்கான 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்ததும் தகப்பனிடம் ஒப்படை என்று அது எங்கும் சொல்லவில்லை. பிள்ளையின் நலனே முதன்மை என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நாம் எந்த மதமானாலும் கோர்ட் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். அதற்காக ராத்திரி முழுக்க உட்கார வைத்து, "அப்பா வேண்டாம்னு சொல்லு" என்று பாடம் நடத்தாதீர்கள். பெற்ற அப்பனை வேண்டாம் என்று சொன்ன நினைப்போடு அந்தப் பிள்ளைதான் காலமெல்லாம் வாழ வேண்டும்.

அடுத்தது பணம். "ஜீவனாம்சம் கொடுக்கல, பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்று ஒருவர், "காட்டல, கொடுக்க மாட்டேன்" என்று இன்னொருவர். இரண்டும் தப்பு. தகப்பன் கட்டும் பள்ளிக் கட்டணமும் பிள்ளைக்கு உரியது, தகப்பனோடு கழிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைக்கு உரியது. பணம் வரவில்லையா, கோர்ட் உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போடுங்கள். பார்க்க விடவில்லையா, அதற்கும் மனு இருக்கிறது. தாய் தகப்பன் இருவரின் அன்புக்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு, நேரில் முடியாதபோது வீடியோ அழைப்பிலாவது பேச விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல், யஷிதா சாஹு வழக்கில், தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகைக்கும் சீருக்கும் நாலு பக்கம் எழுதுகிறீர்கள். பிள்ளைக்கு "தகப்பனார் அவ்வப்போது பார்க்கலாம்" என்று ஒரே வரி. அவ்வப்போது என்றால் எப்போது? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, பொங்கல் யார் வீட்டில், கோடை விடுமுறையை எப்படிப் பிரிப்பது, காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் போன், பள்ளிப் படிவத்தில் யார் கையெழுத்து, ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வது — எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதும்போது சலிப்பாகத்தான் இருக்கும். எழுதாமல் விட்டால் அதே கேள்விகள் பிள்ளையின் காதுபடச் சண்டையாகும். பிள்ளை வளர்ந்து தேவை மாறினால், திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் உத்தரவை மாற்றிக் கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குகிற சகோதரிகளுக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டம் கொடுத்த உரிமை அது. சித்தையா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்துக்குப் போய்க் கேளுங்கள். சமரச மையமும் அங்கேயே இருக்கிறது. கன்னடம் சரளமாக வராது என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மைக்கில் கேட்கும்போது பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்ல வேண்டாம். தனியாகப் பேச விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், இருக்கிறேன்.