பார்வை நேரத்தில் வளராத உறவு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ‘பெற்றோர் பிரிந்த பிறகு பிள்ளை வளர வேண்டியது ஒரு வீட்டிலா, இரு வீட்டிலுமா?’ என்பது தலைப்பு. இரு வீட்டிலும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் முதுகில் பையோடு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் அலைகிற ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். கேட்டு எனக்கும் மனம் கனத்துவிட்டது. ஆனால் ஒரே வீட்டில் வளர்கிற பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன். அந்த ஞாயிறுகளில் வளர்ந்தவன் நான்.

என் எட்டு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். நான் அம்மாவிடம். அப்பாவுக்கு வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பா என்னை ஒருமுறைகூடத் திட்டியதில்லை. கேட்டதெல்லாம் வாங்கித் தருவார். அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்குப் பின்னக் கணக்கு வரவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. காய்ச்சல் ராத்திரிகளில் நான் என்ன உளறுவேன் என்பதும் தெரியாது. அம்மாவோ எழுந்திரு, குளி, படி, தூங்கு என்று வாரம் முழுக்கத் தனியாகச் சொல்லிச் சொல்லியே கடுகடுத்துப் போனாள். ஒருவர் விருந்தாளி ஆனார், இன்னொருவர் காவலாளி ஆனார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இரண்டு பேருமே பாதிப் பாதிதான் கிடைத்தார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பார்வை நேரம். அதே பெயர் வேறெங்கே எழுதியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவமனை வாசலில், சிறைச்சாலை வாசலில். அப்புறம், ‘குழந்தை யார் வசம்?’ என்று கேட்கிறோம். பத்திரம் யார் வசம், சாவி யார் வசம் என்று கேட்கிற அதே சொல். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இப்படிப்பட்ட சொல்லையே கைவிட்டது. பிள்ளை எங்கே வசிக்கும், யாரோடு தொடர்பில் இருக்கும் என்று உத்தரவு எழுதினார்கள். 2014இல் அந்த இரண்டையும் ஒன்றாக்கி, ‘குழந்தைக்கான ஏற்பாடு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சொல் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘வசம்’ என்று கேட்டால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும். ‘ஏற்பாடு’ என்றால் உட்கார்ந்து பேசலாம்.

தாயிடம் இருப்பதுதான் இயற்கை என்றார் எதிரணியின் சகோதரி. அவர் இயற்கை என்று சொல்வதைச் சட்டம் ஏற்காத காலமும் உண்டு. அதே இங்கிலாந்தில் முன்பு பிள்ளை முழுக்கத் தந்தைக்கே உரியது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற நிலையே 1839ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. ஒரு காலம் அப்பாவைத் தேர்ந்தெடுத்தது, ஒரு காலம் அம்மாவைத் தேர்ந்தெடுத்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கைதான் பிள்ளையின் பக்கம் வந்து நின்றது. பெற்றோர் இருவரோடும் தொடர்ந்து நேரடியாகப் பழகுவது, தனக்குக் கேடு வராதவரை, குழந்தையின் உரிமை என்கிறது அதன் 9ஆவது பிரிவு.

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருகிறேன். சமப் பொறுப்புதான் நல்லது என்று 2006இல் அங்கே சட்டத்தில் எழுதினார்கள், 2024 மே மாதம் முதல் அந்த அனுமானத்தை எடுத்துவிட்டார்கள் என்று எதிரணி சொன்னது. உண்மைதான். சமப் பொறுப்பைச் சம நாட்கள் என்று பலர் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம். நாங்கள் நாட்களை எண்ணிச் சரிபாதி கேட்கவில்லை. கைக்குழந்தைக்கு ஒரு வாரம் என்பது மிக நீளம், அதற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாறி மாறி இருவரின் முகமும் வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வாரம் மாற்றி வாரம் சரிப்படலாம். பதினாலு வயதுப் பிள்ளையை முதலில் கேளுங்கள்.

அந்தப் பைக்கும் பதில் சொல்கிறேன். இரண்டு வீடும் ஒரே பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பல் துலக்கும் பிரஷ், செருப்பு, போர்வை எல்லாம் இரண்டு வீட்டிலும் இருக்கட்டும். பாடப்புத்தகம் தவிரப் பையில் ஒன்றும் இருக்காது. பெற்றோர் நேருக்கு நேர் பார்த்தாலே சண்டை வருகிறதா? காலையில் ஒருவர் பள்ளியில் விடட்டும், மாலையில் மற்றவர் கூட்டிப் போகட்டும். இருவரும் சந்திக்கவே வேண்டாம்.

அடிக்கிறவர், மிரட்டுகிறவர் இருக்கும் வீட்டைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, அதில் எங்கள் அணிக்கும் எதிரணிக்கும் வாதமே கிடையாது. நான் கேட்பது மீதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும். ஒருவரோடு ஒருவர் வாழ முடியாமல் போனாலும் பிள்ளையோடு வாழத் தெரிந்த அப்பா அம்மாக்களின் பிள்ளைகளுக்கு.

நடுவர் அவர்களே, எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா வேலை முடிந்து களைப்பாக வந்து, என் நோட்டைப் பார்த்துக் கோபப்பட்டு, பென்சிலைப் பிடுங்கி, ‘இங்கே பாரடா’ என்று அந்தப் பின்னக் கணக்கைப் போட்டுக் காட்டுகிற ஒரு சாயங்காலம். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைக்கு உங்கள் தீர்ப்பில் இடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.