விருப்ப ஓய்வு இல்லாத இடம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாற்றத்தின் வழியே மனிதர்களை அழைத்துச் செல்வது அரிதாக இருப்பது பணியிடத்திலா, இல்லத்திலா என்ற இன்றைய கேள்விக்கு, இல்லத்தில்தான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், நம் பொதுத்துறை வங்கிகளில் கணினி நுழைந்த வரலாற்றைச் சான்றாகக் காட்டி, ஊழியர்களின் அச்சத்தையும் சங்கங்களின் எதிர்ப்பையும் விரித்துரைத்து, "ஒரு மாமியாரைச் சம்மதிக்க வைப்பதும் இதுவும் ஒன்றா?" என்று கேட்டுக் கைதட்டல் பெற்றார். கைதட்டியவர்களில் மாமியார்கள் எத்தனை பேர் என்பதை நடுவர்தான் கணக்கெடுக்க வேண்டும்.

அவர் எடுத்த சான்றையே நானும் எடுக்கிறேன். என் தந்தையார் வங்கி ஊழியர் என்பதால் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். கணினியை ஊழியர்கள் எதிர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் எதிர்த்தவர்களுக்குப் பேச ஒரு சங்கம் இருந்தது, கேட்க ஒரு நிர்வாகம் இருந்தது. எத்தகைய இயந்திரங்களை எந்த அளவுக்குக் கொண்டுவரலாம் என்று இருதரப்பும் பேசி 1983-இல் ஒப்பந்தமே போட்டன. அடுத்த ஆண்டு, வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு வழிமுறை வகுத்து அறிக்கை தந்தது. பின்னர் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், பொதுத்துறை வங்கிகள் தம் வணிகத்தில் 70 விழுக்காட்டை 2001 ஜனவரி 1-க்குள் கணினிக்கு மாற்றியாக வேண்டும் என்று கெடு விதித்தது. அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு வாசலும் திறந்திருந்தது: 2000-2001-இல் வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். பேச்சுவார்த்தை, பயிற்சி, கெடு, வாசல் என்று இத்தனை கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றத்தை நடத்துவது எளிது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட இல்லாத இடத்தில் நடத்துவது எப்படி என்பதுதான் என் கேள்வி.

எங்கள் வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்தபோது என் அப்பத்தாவுக்கு வயது எழுபதுக்கு மேல். "கேஸில் ஆக்கிய சோறு வயிற்றில் வாயுவாகத்தான் சேரும்" என்று அவர் சொன்னதற்கு, பேரேட்டிலிருந்து கணினிக்கு ஒரு கிளையையே நகர்த்திய என் தந்தையாரிடம் பதில் இல்லை. விளக்கினார், கெஞ்சினார், ஒருநாள் கோபித்தும் பார்த்தார். மறுநாள் காலையிலும் விறகடுப்புத்தான் புகைந்தது. அப்பத்தாவுக்கு அச்சம் அடுப்பைப் பற்றியதே அன்று என்பது வெகுநாள் கழித்தே எங்களுக்குப் புரிந்தது. ஈர விறகையும் காய்ந்த விறகையும் கையால் தொட்டே பிரித்து, தணலை ஒதுக்கி ஒதுக்கி ஒரு கூட்டத்துக்கே சோறாக்கிய கைக்கு, குமிழைத் திருகினால் யாருக்கும் எரிகிற அடுப்பின் முன்னால் என்ன மதிப்பு? வேலை போய்விடுமோ என்ற ஊழியரின் அச்சத்தைக் கோரிக்கையாக எழுதிக் கொடுக்கலாம்; இந்த வீட்டில் இனி நான் யார் என்ற அச்சத்தை எந்தத் தாய் எழுதிக் கொடுப்பாள்? அது வாயுத்தொல்லையாகத்தான் வெளியே வரும்.

இதைக் கண்டுபிடித்துத் தீர்த்தவர் என் தாயார். வீட்டில் அதிகாரம் மிகக் குறைந்தவர் மருமகள். மாற்றத்தை நடத்தும் சுமை பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுகிறது என்பதையும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அவர் வாதாடவில்லை. "எனக்கு மறதி அதிகம் அத்தை, ராத்திரி படுக்கும்முன் ரெகுலேட்டரை நீங்கள்தான் மூட வேண்டும்" என்று அந்தப் பொறுப்பை மாமியார் கையில் கொடுத்தார். அன்று முதல் அப்பத்தா மூடாமல் வீடு உறங்கியதில்லை. ரெகுலேட்டரைத் தொட்டவர், சில மாதங்களில் பாலுக்கு அடுப்பையும் பற்றவைத்தார். இதில் எதிரணியினர் சொன்ன தலைமைப் பயிற்சி வகுப்பு எங்கே இருந்தது? பதவி உயர்வு எங்கே இருந்தது? ஆண்டுக்கணக்கில் ஒருவருடைய முகத்தைப் படித்த அனுபவம் ஒன்றுதான் இருந்தது; தவறிப்போயிருந்தால் இடமாற்றல் கேட்டுப் போகவும் என் தாயாருக்கு வழியில்லை.

முழு வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். வெந்நீருக்கென்று கொல்லைப்புறத்தில் ஒரு விறகடுப்பை அப்பத்தா கடைசிவரை வைத்திருந்தார். கிளையில் பழைய பேரேடுகளைக் கட்டி அப்புறப்படுத்த ஒரே நாளில் உத்தரவிட்ட என் தந்தையார், அந்த அடுப்பை எடுத்துவிடலாமா என்று தன் தாயிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நன்றி, வணக்கம்.