பழைய இன்ஜினில் பிளக்கும் ஆயில் கசிவும்

நேயர்களுக்கு வணக்கம். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. ஆனாலும் தெருவுக்கு ஒன்றாவது இன்னும் ஓடுகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அந்த இன்ஜினை, அதிலும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியை, மனதில் வைத்துப் பேசுகிறேன். வேறு பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

வயதான வண்டிக்கு இரண்டு புகார் வரும். ஒன்று, மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் விட்டுவிட்டு ஓடுகிறது. இன்னொன்று, நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான் என் பேச்சு. கீழே சொட்டும் ஆயில் கண்ணுக்குத் தெரியும். உள்ளே எரிந்து போகும் ஆயிலைக் காட்டிக்கொடுப்பது, சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் பிளக்.

பிளக் கழற்ற இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் உட்காரும் இன்ஜின் மேல்பாகமான ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை சேர்ந்து வந்துவிடும். ஒயரை இழுக்காதீர்கள், முனையிலுள்ள ரப்பர் கேப்பைப் பிடித்து மெல்லத் திருகி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஒயர்தான். இந்த இன்ஜின் எரியும் வரிசை 1-3-2. மூன்றையும் ஒன்றாக உருவிவிட்டு மாற்றிப் போட்டால் வண்டி படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கும். பிளக்கைத் தளர்த்தியதும் அதைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்குகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வையுங்கள். எந்த சிலிண்டருடையது என்று தெரியாத பிளக் எதையும் சொல்லாது. முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது: குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம். கறுப்பாக, பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. அதற்குப் புதுப் பிளக் மருந்தில்லை. சில வாரங்களில் அதுவும் நனையும்.

ஆயில் எந்த வழியாக வருகிறது? இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை விட்டு நின்றுவிட்டால், வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் மேல் சந்தேகம் வையுங்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். உறுதி செய்ய மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம், அளந்துவிட்டு, அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

புதுப் பிளக்கின் முனையில் தீப்பொறி தாண்டும் இடைவெளி கார்புரேட்டர் வண்டிக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள்; டப்பாவிலிருந்து வருவதால் சரியாகத்தான் இருக்கும் என்று விடாதீர்கள். கீழே விழுந்த பிளக்கைப் போடவே வேண்டாம், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கலாம். மாட்டும்போது பிளக்கின் மேல்முனையில் ஒரு சாண் பெட்ரோல் ஹோஸைச் செருகி, அந்த ஹோஸாலேயே திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். ஸ்பேனரால் தொடங்கினால் அந்தக் கோணல் கைக்குத் தெரியாது. கடைசியில் கெட்ட மரைக்குள் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் போடவேண்டி வரும். கையால் முட்டும்வரை திருகிய பிறகு, வாஷரோடு வரும் புதுப் பிளக்குக்கு ஸ்பேனரில் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு போதும்.

இனி கசிவு. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் ஆவேசம் வரும். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் சொட்டு நிற்கிறது என்றதும் சம்ப் பேக்கிங்கை மாற்றிவிடுகிறார்கள். ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டும் இடமும் ஓடு உடைந்த இடமும் ஒன்றாகவா இருக்கும்? மேலே கசியும் ஆயில் இன்ஜின் உடம்பில் வழிந்து, ஓடும் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் சம்ப்பில் வந்து சொட்டும். ஆகவே முதலில் கழுவுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஏர் கிளீனரையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, ஆறிய இன்ஜினில் டீகிரீசர் தடவித் துடைத்துக் காயவையுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை இணைப்புகள் மேல் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஈரமான இடங்களில் மிக உயரமானது எதுவோ அதுதான் ஊற்று. மறுபடி சொல்கிறேன்: கீழிருந்து அல்ல, மேலிருந்து தேடுங்கள்.

பெரும்பாலும் அது ஹெட்டின் மேல் மூடியான டாப்பெட் கவராகத்தான் இருக்கும். ரப்பர் பேக்கிங் சூட்டில் கெட்டியாகி, நகத்தால் அழுத்தினால் குழியாது. கசிகிறதென்று போல்ட்டை முறுக்கினால் தகரம் வளைந்து கசிவு இன்னும் கூடும். புதுப் பேக்கிங் போட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதன்மேல் சிலிக்கான் கம்மை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கிய துணுக்கு உடைந்து சம்ப்புக்குப் போய் ஆயில் உறிஞ்சும் இடத்துச் சல்லடையான ஸ்டிரெய்னரை அடைக்கும். ஆயில் வராத இன்ஜின் பிறகு எவ்வளவு நேரம் தாங்கும்?

அடுத்த இடம் டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலுள்ள ஓ-ரிங். சில ரூபாய்ச் சாமான்தான். ஆனால் கழற்றுமுன் அது இருந்த நிலைக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தீப்பொறி விழும் நேரமான டைமிங் மாறிவிடும்.

ஒரே நேரத்தில் பல இடத்தில் கசிந்தால் சீல் வாங்க ஓடாதீர்கள். டாப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீத்தர் குழாயையும் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பாருங்கள். இவை அடைத்தால் உள்ளே சேரும் காற்றழுத்தம் ஆயிலை எந்தச் சந்து கிடைத்தாலும் வெளியே தள்ளும். புதுச் சீல் போட்டாலும் தள்ளும். ரிங் தேய்ந்த இன்ஜினிலும் இதே கதைதான். அதனால்தான் பிளக்கை முதலில் பார்க்கச் சொன்னேன். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றுவதும் கெடுதல்தான்.

கடிகாரம் முந்துகிறது, மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்க ஆயில் சீல் கசிந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஆயில் பட்ட, வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் ஊறி அறுந்துவிடும். சீலோடு பெல்ட்டையும் மாற்றுங்கள். பின்பக்க சீலுக்கு கியர்பாக்ஸ் இறங்கவேண்டும், அதோடு கிளட்ச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். ஆனால் அந்த இடத்துச் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், கசிவது கியர்பாக்ஸ் சீல். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.